வலி மருத்துவத்தில் ஓராண்டு பெல்லோஷிப்: பயின்று முடித்த ஒரு மயக்கவியல் மருத்துவரின் மதிப்புரை

மயக்கவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய பின், வலி மருத்துவத்தில் ஓராண்டு பெல்லோஷிப் பயிற்சியைக் கொங்குப் பகுதியின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் அண்மையில் நிறைவு செய்தேன். அப்பயிற்சியைப் பற்றிய மதிப்புரை இது. சேரலாமா, வேண்டாமா என்று கேட்டு இளைய மருத்துவர்கள் அடிக்கடி தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் சொல்வதை ஒரே இடத்தில் முறையாக எழுதிவைத்தால் அவர்களுக்கும் பயன், எனக்கும் மறந்துபோகாது. குறைகளையும் மறைக்காமல் எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கே எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுத்தந்த ஆசிரியர்களை நான் இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் ஒரு நோயாளியோடு பேசுவது, அவர் உறங்குவதற்கு முன் பத்து நிமிடம், விழித்த பின் பத்து நிமிடம். அந்த வாழ்க்கையில் எனக்குக் குறையொன்றும் இருக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு நான்கைந்து முறை எலும்பு சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வரும்: இடுப்பு வலி, கால் வரை இறங்குகிறது, எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பவும். தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் வீக்கம் குறைக்கும் மருந்தைச் செலுத்தும் ஊசி அது. நானும் போட்டு அனுப்புவேன். ஊசி சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு, சிரிஞ்சின் தடை சட்டென்று விலகியபோது என் கட்டைவிரல் உணர்ந்த அந்த ஒரு கணத்தைத் தவிர வேறு சான்று இருக்காது. அந்த வலி எந்த நரம்பு வேரிலிருந்து வருகிறது, அது நரம்பு வேரிலிருந்துதான் வருகிறதா, இவருக்கு ஊசி தேவைதானா என்ற கேள்விகளை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லும் அறிவு என்னிடம் இல்லை. இந்தப் பயிற்சிக்குப் போனதன் காரணம் அந்தச் சீட்டுகள்தான்.

வார ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்கள் புறநோயாளிப் பிரிவு, இரண்டு நாட்கள் ஃப்ளூரோஸ்கோப்பி என்னும் நேரலை எக்ஸ்ரே அறையில் சிகிச்சைகள், சனிக்கிழமை காலையில் நோயாளி பற்றிய கலந்தாய்வும் ஆய்வுக் கட்டுரை வாசிப்பும். ஆண்டில் ஒருமுறை சடலத்தில் ஊசிப் பயிற்சி. புற்றுநோய்ப் பிரிவில் ஒரு மாதம், மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் இரண்டு வாரம். இரவுப் பணி இல்லை என்றாலும், அறுவைக்குப் பிந்தைய வலிக்காக வார்டுகளிலிருந்து வரும் அழைப்புகளைப் பயிற்சி மருத்துவர்கள் இருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

இந்த ஓராண்டில் என்னை மிகவும் மாற்றியது புறநோயாளிப் பிரிவு. புதிய நோயாளி ஒருவருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் துறைத் தலைவர் வகுத்த விதி. வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் அவர் அதைத் தளர்த்தவில்லை. முதல் பத்து நிமிடம் நோயாளி பேசுவார், நாங்கள் குறுக்கிடக் கூடாது. ஸ்கேன் படத்தை அவர் நீட்டினாலும் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, உடலைத் தொட்டுச் சோதித்த பிறகே திருப்பிப் பார்க்க வேண்டும். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களை வரிசையாக எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் அவர்களில் பலருக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு தேய்ந்தும் பிதுங்கியும் இருக்கும். ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. இது பாடநூலில் உள்ள செய்திதான். ஆனால் படத்தைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் கைக்கு வந்த பிறகே அது எனக்கு உண்மையாகப் புரிந்தது.

வலியைச் சொல்வதற்குத் தமிழில் இத்தனை சொற்கள் இருப்பதையும், அவை ஒவ்வொன்றும் நோயறிதலுக்கு ஒரு வழிகாட்டி என்பதையும் அந்த மேசையில்தான் கற்றேன். மூட்டுத் தேய்மானம் உள்ளவர் 'குடைச்சல்' என்பார், நாள் முழுதும் தறியில் நின்றவர் 'கால் கடுப்பு' என்பார், உடல் முழுதும் பரவிய வலி உள்ளவர் 'உளைச்சல்' என்பார். சீழ் கட்டிய இடம் 'விண்விண்' என்று தெறிக்கும். 'எரிச்சல்', 'காந்தல்', 'கரண்ட் அடிச்ச மாதிரி', 'எறும்பு ஊர்ற மாதிரி', 'மதமதப்பு' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் காது கூர்மையாக வேண்டும். நரம்பே பழுதுபட்டதால் வரும் வலியின் மொழி அது. நரம்பு வலியைக் கண்டறியப் பயன்படும் டி.என்.4 என்ற வினாப்பட்டியல் பத்து வினாக்கள் கொண்டது: ஏழு நோயாளியிடம் கேட்பவை, மூன்று தோலைத் தொட்டுச் சோதிப்பவை, நான்கோ அதற்கு மேலோ வந்தால் நரம்பு வலி என்று கொள்ளலாம். அந்த வினாக்களை நோயாளியின் வட்டாரச் சொற்களில் கேட்கக் கற்றுக்கொண்டது எனக்குப் பெரிய லாபம். அக்கி வந்து ஆறிய பின்னும் விலாவில் துணி பட்டாலே துடிக்கும் முதியவர் ஒருவர், முந்தைய மருத்துவமனைகளில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் சொல்லச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவந்திருக்கிறார். அவருக்கு வேண்டிய மருந்து வழக்கமான வலி மாத்திரை இல்லை, அமிட்ரிப்டிலினோ ப்ரீகாபலினோ என்பது எந்த எண்ணிலிருந்தும் தெரியாது, 'காந்துது' என்ற சொல்லிலிருந்து தெரியும்.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979 இல் வகுத்த வலியின் வரையறையை 2020 இல் திருத்தியபோது, வலி என்று ஒருவர் சொல்வதை மதித்து ஏற்க வேண்டும் என்பதையும், பேச இயலாதவருக்கும் வலி இருக்கக்கூடும் என்பதையும் குறிப்புகளாகச் சேர்த்தது. எங்கள் பயிற்சியின் முதல் வகுப்பு இந்த வரையறையில்தான் தொடங்கியது. முக்கிளை நரம்பு வலியோடு வந்த பெண் ஒருவர், கன்னத்தில் காற்றுப் பட்டாலே மின்னல் வெட்டுவது போன்ற வலிக்காக நல்ல பற்கள் மூன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். 'நடிக்கிறாள்' என்று வீட்டில் சொன்னதுதான் பல் போனதைவிட அவரை வருத்தியது. கார்பமாசிப்பின் மாத்திரை தொடங்கி இரண்டே வாரங்களில் அவர் முகம் கழுவ முடிந்தது.

இனி ஊசி அறைக்கு வருகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் இந்தப் பயிற்சிக்கு வருவது அதற்காகத்தான். இங்கே கற்பித்த முறைக்கு என் முழு மதிப்பெண்ணையும் தருகிறேன். முதல் இரண்டு மாதங்கள் ஊசி கையில் தரப்படவில்லை. சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவியை எந்தப் பக்கம் எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று சொல்வது மட்டுமே என் வேலை. சலிப்பாக இருந்தது. ஆனால் நிழற்படத்தைச் சரியாக வரவழைக்கத் தெரிந்தால் ஊசியின் வேலை பாதி முடிந்துவிடுகிறது என்பதை மூன்றாம் மாதத்தில் உணர்ந்தேன். இடுப்பு முள்ளெலும்பைச் சாய்வாகப் பார்த்தால் ஒரு சிறு நாயின் உருவம் தெரியும்: கண்ணாகத் தெரிவது பெடிக்கிள் என்னும் எலும்புத் தண்டு, மூக்கு குறுக்கு முனை, காது மேல் மூட்டு முனை. காதும் மூக்கும் சேரும் இடத்தில்தான் முதுகின் சிறு மூட்டுகளுக்கு உணர்வு தரும் நரம்புக் கிளை ஓடுகிறது. அந்த நாய் தெளிவாக நிற்கும் வரை ஆசிரியர் ஊசியைத் தொட விடமாட்டார்.

ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நரம்புக் கிளைகள் உணர்வு தருவதால், நான்காம், ஐந்தாம் இடுப்பு எலும்புகளுக்கு இடைப்பட்ட மூட்டுக்கு மூன்றாவது, நான்காவது நரம்புகளின் கிளைகளை மரக்கச் செய்ய வேண்டும். முதலில் சிறிதளவு மரப்பு மருந்து கொடுத்துச் சோதிப்போம். வேறொரு நாளில் மீண்டும் சோதிப்போம். இரண்டு முறையும் மருந்து வேலை செய்யும் நேரத்துக்கு வலி நின்றால் மட்டுமே, அந்த நரம்புக் கிளையை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் ரேடியோஃப்ரீக்வன்ஸி சிகிச்சை. அதிலும் வெப்பம் தருவதற்கு முன், உணர்வுச் சோதனைக்கு நொடிக்கு 50 துடிப்பு, தசைச் சோதனைக்கு நொடிக்கு 2 துடிப்பு என்று மின்தூண்டல் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதுகுத் தசை துடித்தால் சரியான இடம். கால் துடித்தால் ஊசி முனை நரம்பு வேருக்கு அருகில் இருக்கிறது, உடனே விலக வேண்டும். அதன் பிறகே 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தொண்ணூறு வினாடி. இரண்டு சோதனை ஊசிகளுக்கும் சிகிச்சைக்குமாக மூன்று முறை வந்துபோக வேண்டியிருப்பதால் நோயாளிகள் அலுத்துக்கொள்வார்கள்; ஒரே நாளில் முடித்து அனுப்பும் இடங்கள் இருப்பதாகச் சொல்லி வேறிடம் போனவர்களும் உண்டு. எங்கள் ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை.

எபிடியூரல் ஊசியைப் பற்றி நான் எவ்வளவு அறியாமையில் இருந்தேன் என்பதும் இங்கேதான் தெரிந்தது. நரம்பு வேர் வெளிவரும் துளை வழியாக ஊசி செலுத்தும்போது, அத்துளைக்குள் தண்டுவடத்துக்குப் போகும் தமனி இருக்கக்கூடும். கரையாத துகள் கொண்ட ஸ்டீராய்டு அதற்குள் புகுந்தால் இரத்த ஓட்டம் அடைபட்டுக் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாக ஏற்படும் இத்தகைய கடுமையான நரம்புப் பாதிப்புகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. அதனால்தான் முதலில் எக்ஸ்ரே படத்தில் தெரியும் ஒளிமாறு மருந்தைச் செலுத்தி, அது நரம்பைச் சுற்றிப் பரவுகிறதா, இரத்தக் குழாயில் ஓடி மறைகிறதா என்று நேரலைப் படத்தில் பார்த்த பின்பே மருந்து தர வேண்டும். துகளற்ற டெக்ஸாமெத்தாசோனை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் படமின்றிப் போட்ட என் ஊசிகள் வேறு வழியில் சென்றவை, இந்த அபாயம் அவற்றில் குறைவு. இருந்தாலும் அந்த வகுப்பு முடிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கதிர்வீச்சுப் பாதுகாப்பில் கற்பித்தலுக்கும் நடப்புக்கும் இடைவெளி இருந்தது. ஈயக் கவசமும் கழுத்துக் கவசமும் எல்லோருக்கும் இருந்தன. கதிர்வீச்சை அளக்கும் பட்டை பயிற்சி மருத்துவர்களுக்கு ஐந்தாம் மாதம்தான் வந்தது. தூரம் இருமடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒன்றாகக் குறையும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவர்களே, அவசரத்தில் கதிர்க்கற்றைக்குள் கையை வைத்து ஊசியைத் திருப்புவதைப் பார்த்தேன். சேருபவர்கள் முதல் நாளிலேயே பட்டையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைப்பேற்றை எதிர்பார்க்கும் மருத்துவர்கள் இதில் சிறிதும் தயங்கக் கூடாது.

இப்போது இந்த மதிப்புரையின் முதன்மையான குறைக்கு வருகிறேன். சிகிச்சை முடிந்த ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவோம்: சிகிச்சைக்கு முன் வலி எட்டு, பின் இரண்டு. அந்த இரண்டு எப்போது எழுதப்பட்டது தெரியுமா? ஊசி போட்ட அரைமணி நேரத்தில், மீட்பு அறையில், மரப்பு மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது. மூன்று மாதம் கழித்து வர வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருவோம். வந்தால் அன்று பணியில் இருக்கும் வேறொரு மருத்துவர் பார்ப்பார், வராவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். ஊசி போட்ட பயிற்சி மருத்துவருக்கு அந்த ஊசியின் முடிவு தெரிய வழியே இல்லை.

இது எனக்குப் புலப்பட்டது தற்செயலாக. மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலைச் சுற்றியுள்ள மூன்று நரம்புக் கிளைகளுக்கு நான் வெப்ப சிகிச்சை செய்த ஓர் அம்மையார், நான்கு மாதம் கழித்துத் தம் கணவரின் தோள் வலிக்காக அவரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேன். "ஊசி போட்டன்னைக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. பத்து நாள்ல பழையபடி வந்துருச்சுங்க. நீங்களும் கேக்கலைங்க, நானும் சொல்லலைங்க" என்றார். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவருடைய பெயருக்கு நேரே என் கையெழுத்தில் 'எட்டு, ஒன்று, மிக நன்று' என்று இருந்தது.

அன்று மாலையே ஒரு தனி நோட்டு வாங்கினேன். நான் ஊசி போட்ட ஒவ்வொருவரையும் ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் துறையின் தொலைபேசியிலிருந்து அழைத்து, வலி எத்தனை என்று மட்டும் கேளாமல், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், தரையில் உட்கார முடிகிறதா, வேலைக்குப் போகிறீர்களா, இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், மாத்திரை எத்தனை என்று கேட்டு எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டு கற்றுத் தந்தது அதிகம். வட்டுப் பிதுங்கிப் புதிதாகக் கால் வலி வந்தவர்களில் பலர் நன்றாக இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் முதுகு வலி உள்ளவர்களுக்கு நான் போட்ட எபிடியூரல் ஊசிகளின் பலன் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்திருந்தது. முழங்கால் சிகிச்சையில், சோதனை ஊசியைச் சடங்காகச் செய்துவிட்டு நகர்ந்த நாட்களில் என் தேர்வு தவறியிருந்தது. எந்த நோயாளிக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்குக் கடைசி மூன்று மாதங்களில் வந்ததென்றால், அதற்குக் காரணம் இந்த நோட்டு. பயிற்சித் திட்டத்தில் அதற்கு இடமில்லை. துறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார், நல்ல முயற்சி என்று பாராட்டினார், அடுத்த அணியினருக்கு இதை முறைப்படுத்தலாம் என்றார். நான் விடைபெறும் நாள் வரை அது நடக்கவில்லை. நாற்பது நிமிட விதியை இத்தனை உறுதியோடு காக்கும் ஒரு துறை இதில் ஏன் தளர்ந்திருக்கிறது என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

புற்றுநோய்ப் பிரிவில் கழித்த மாதம் மனத்தில் நிற்கிறது. கணையப் புற்று முற்றி, முதுகில் ஊடுருவும் வலியால் இரவெல்லாம் முன்புறம் குனிந்து உட்கார்ந்தே இருந்த ஒருவருக்கு, வயிற்றின் பின்புறமுள்ள சீலியாக் நரம்புப் பின்னலை ஆல்கஹால் செலுத்திச் செயலிழக்கச் செய்தோம். இரத்த அழுத்தம் இறங்கியது, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது, இரண்டும் எதிர்பார்த்தவையே. மூன்றாம் நாள் அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். அவரை எழுப்ப வேண்டாம் என்று அவர் மனைவி எங்களுக்குக் கைகாட்டியதை என்னால் மறக்க முடியாது.

ஆனால் அந்தத் திறமையான ஊசியைக் கற்றுத் தந்த பயிற்சி, வாய்வழி மார்ஃபினைப் போதிய அளவு கற்றுத் தரவில்லை. எவ்வளவில் தொடங்குவது, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தருவது, மலச்சிக்கலுக்கான மருந்தை முதல் நாளே சேர்த்து எழுதுவது, இடையில் வலி கிளம்பினால் என்ன செய்வது என்பனவெல்லாம் ஒரே ஒரு வகுப்பில் முடிந்தன. சீலியாக் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்கள் சிலரே. மார்ஃபின் தேவைப்படுபவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 2014 இல் செய்யப்பட்ட திருத்தம், அத்தியாவசியப் போதை மருந்துகள் என்ற புதிய வகையை உருவாக்கியது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம், முன்போலப் பல உரிமங்களுக்கு அலையாமல் மார்ஃபினை வாங்கி வைக்கலாம். இந்த அங்கீகாரத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, இருப்பேட்டை எப்படி எழுதுவது என்பதை வலி மருத்துவம் பயிலும் ஒவ்வொருவரும் தாமே ஒருமுறை செய்து பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் வேலை செய்த ஊரில் மார்ஃபின் மாத்திரை கிடைக்காததற்குக் காரணம் சட்டம் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதுதான் காரணம்.

இக்குறையை ஈடுசெய்ய, என் விடுப்பிலும் என் செலவிலும் இரண்டு வாரம் கேரளத்துக்குச் சென்று வந்தேன். கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கப்பட்ட வலி மற்றும் தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தின் வழியாக வளர்ந்த பணி இன்று அம்மாநிலத்தின் சிற்றூர்களிலும் வீடு தேடிச் செல்லும் செவிலியர்களாகவும் தன்னார்வலர்களாகவும் பரவியிருக்கிறது. செவிலியர் ஒருவருடன் ஜீப்பில் ஏறி, ஒரு நாளைக்கு எட்டு வீடுகள் போனேன். மார்ஃபின் அளவை மாற்றும் முன் அவர் அடுக்களையை எட்டிப் பார்ப்பார். அடுப்பு எரிந்ததா, நோயாளி சாப்பிட்டாரா என்று தெரிந்துகொள்ள. இதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்கினால் இரண்டு வாரம் போதும், பயன் ஆயுளுக்கு நிற்கும்.

வலி மருத்துவம் பல துறைகள் ஒன்றுகூடிச் செய்ய வேண்டிய வேலை என்பதை முதலில் வலியுறுத்தியவர்களில் ஒருவர் ஜான் பொனிக்கா. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மயக்கவியல் மருத்துவர். படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் செய்து, அந்தக் காயங்களின் வலியை ஆயுள் முழுதும் சுமந்தவர். 1973 இல் பன்னாட்டுச் சங்கம் உருவாக முன்னின்றவரும் அவரே. அவர் வற்புறுத்திய அந்தக் கூட்டு முறை எங்கள் பயிற்சியில் அரைகுறையாகத்தான் இருந்தது. உளவியலாளர் வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் வருவார். 'குனிந்தால் முதுகு உடைந்துவிடும்' என்ற அச்சத்தால் ஓராண்டாகக் கட்டிலை விட்டு எழாத இளைஞருக்கு எந்த ஊசியும் பயன் தராது. அச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து நடக்க வைப்பதே சிகிச்சை. அதை உளவியலாளரும் உடற்பயிற்சி மருத்துவரும் சேர்ந்து செய்ததைக் கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்பு ஆண்டு முழுவதிலும் மூன்று முறைதான் கிடைத்தது. அமெரிக்காவில் ஓராண்டுப் பயிற்சிக்கு அங்கீகாரம் பெற, மயக்கவியல், நரம்பியல், மறுவாழ்வு மருத்துவம், மனநலம் ஆகிய நான்கு துறைகளின் அனுபவமும் கட்டாயம். நமது பயிற்சிகளுக்கு அப்படியொரு பொது அளவுகோல் எல்லா இடத்திலும் இல்லாததால், சேருபவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சான்றிதழைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளும் சங்கங்களும் தாமாக வழங்கும் பெல்லோஷிப், மருத்துவப் பதிவேட்டில் கூடுதல் பட்டமாகச் சேர்க்கத் தக்கதன்று. எனக்குக் கிடைத்ததும் அத்தகையதே. இதைச் சேரும்போது வெளிப்படையாகச் சொன்னார்கள், அது நேர்மை. அமெரிக்க மயக்கவியல் வாரியம் 1993 இலேயே இத்துறைக்குத் தனித் தேர்வு நடத்தத் தொடங்கியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மயக்கவியல் கல்லூரி 1998 இலும், பிரிட்டனின் மயக்கவியல் கல்லூரி 2007 இலும் வலி மருத்துவத்துக்குத் தனிப் புலம் அமைத்தன. உலக வலி நிறுவனம் 2001 முதல் நடத்திவரும், ஊசி வழி வலி சிகிச்சைக்கான எஃப்.ஐ.பி.பி. தேர்வை நம் மருத்துவர்கள் பலர் எழுதுகிறார்கள். கோட்பாட்டோடு செய்முறையும் வாய்மொழித் தேர்வும் கொண்ட அது ஊசித் திறனை நன்றாகச் சோதிக்கிறது. கட்டணம் அதிகம் என்பதால் நான் இன்னும் எழுதவில்லை. உதவித்தொகையோ, முதுநிலைப் படிப்பில் பெற்றதைவிடக் குறைவு. குடும்பம் உள்ளவர்கள் ஓராண்டுச் செலவுக்கான சேமிப்போடு வருவது நல்லது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும், மயக்கவியல் முடித்தவர்களை இந்தப் பயிற்சியில் சேரச் சொல்வேனா என்றால், தயங்காமல் சொல்வேன். இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் வலியோடு வருபவரை இன்று நான் பார்க்கும் விதமும், அந்தச் சீட்டை வாங்கிய நாட்களில் பார்த்த விதமும் இருவேறு மருத்துவர்களுடையவை போல இருக்கின்றன. இரண்டு மாதத்தில், ஆறு வாரத்தில் கற்றுத் தருகிறோம் என்னும் குறும்பயிற்சிகளில் ஊசி பழகலாம். தாம் போட்ட ஊசியின் மூன்றாம் மாதத்தைப் பார்க்க அவற்றில் காலமே இல்லை. அதனால் ஓராண்டுக்குக் குறைந்த எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேரும் முன் ஒரு நாள் நேரில் போங்கள். ஊசி அறையைக் காட்டுவார்கள், புதிய கருவிகளைக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, சிகிச்சை முடிந்து திரும்ப வருபவர்களைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவு எந்த நாள், அங்கே யார் உட்காருகிறார், பயிற்சி மருத்துவர் தம் நோயாளிகளைத் தாமே திரும்பப் பார்ப்பாரா என்று கேளுங்கள். சென்ற ஆண்டுப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து, மூன்றாம் மாதக் கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மார்ஃபின் இருப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உளவியலாளர் வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

நான் இப்போது பழைய ஊருக்கே திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் வலிக்கான புறநோயாளிப் பிரிவு நடக்கிறது. மார்ஃபினுக்கான அங்கீகார விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். முழங்கால் வலி மீண்டும் வந்த அந்த அம்மையாருடன் நான் பயிற்சியின் கடைசி மாதம் வரை பேசிக்கொண்டிருந்தேன். தொடைத் தசைக்கான பயிற்சியும் ஒரு கைத்தடியும் அவருக்கு ஊசியைவிட அதிகம் உதவின. ரேஷன் கடை வரை தனியாக நடந்து போய்வருவதாகக் கடைசி அழைப்பில் சொன்னார். அது நோட்டில் மூன்றாம் மாதக் கட்டத்துக்கு அப்பால், ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.